அன்னைக்கு கிடைச்சது அருளா, சிபாரிசா?

 

நம்ம பக்கத்துல "அருள் அனுபவம்"னு நிறைய பேர் எழுதுறீங்க. வேலை கிடைச்சது, கல்யாணம் கூடி வந்தது, ஆபத்துல தப்பிச்சதுன்னு படிக்கும்போதே மெய் சிலிர்க்கும். நானும் அப்படி ஒன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி எழுதினதும் அதை அப்படியே அனுப்ப மனசு வரல. அதுக்குக் காரணம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

போன ஆவணி மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி கடையைப் பூட்டிட்டு ஸ்கூட்டர்ல வந்த அப்பா, மழைத்தண்ணியில சறுக்கி விழுந்துட்டார். தலையில அடி இல்ல, மயக்கம் இல்ல. ஆனா வலது மணிக்கட்டு வீங்கி ஒரு பக்கமா கோணி நின்னுச்சு. பார்த்தாலே எலும்பு முறிஞ்சிருக்குன்னு தெரிஞ்சது. பக்கத்து வீட்டு ஆட்டோவுல ஏத்திக்கிட்டு ஜி.எச்.சுக்குப் போனோம். அம்மா வீட்லயே இருந்தாங்க.

அவசர சிகிச்சைப் பிரிவு வாசல்லயே ஒரு மேஜை. ஒரு சிஸ்டர் உட்கார்ந்திருந்தாங்க. நாடி, பிரஷர் பார்த்தாங்க. எப்படி விழுந்தீங்க, வாந்தி எடுத்தீங்களா, விரலை அசைக்க முடியுதான்னு கேட்டாங்க. விரல் நுனியை அழுத்தி ரத்தம் திரும்ப ஓடுதான்னு பார்த்தாங்க. அட்டையை வச்சு கையைத் தாங்கி ஒரு கட்டுப் போட்டு, வலிக்கு ஊசி போட்டாங்க. அப்புறம் சீட்டுல பச்சைன்னு குறிச்சு, "அந்தப் பக்கம் உட்காருங்க தம்பி, டாக்டர் வருவாங்க"ன்னாங்க.

உட்கார்ந்தோம். அரை மணி நேரம் ஆச்சு. ஒரு மணி நேரம் ஆச்சு. எங்களுக்கு அப்புறம் வந்தவங்க எல்லாம் உள்ள போறாங்க. பாம்பு கடிச்ச ஒரு பையனை பைக்ல நடுவுல உட்கார வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. அவனை நேரா உள்ள கொண்டு போயிட்டாங்க. அவன் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்ல எடுத்து ஆடாம வச்சு, 20 நிமிஷத்துல உறையுதான்னு பார்க்கணுமாம். உறையலேன்னா விஷம் ரத்தத்துல வேலை செய்யுதுன்னு அர்த்தம். அப்புறம் 108 வந்துச்சு, விபத்து கேஸ். அதுவும் நேரா உள்ள.

இருந்தது ஒரே ஒரு டூட்டி டாக்டர். என் வயசுதான் இருக்கும். நாங்க இருந்த நேரத்துல அவர் ஒரு நிமிஷம்கூட உட்கார்ந்து நான் பார்க்கல.

அப்பா கண்ணை மூடிப் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தார். எனக்குத் தாங்கல. மனசுக்குள்ள கந்த சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பிச்சேன். உச்சியில இருந்து பாதம் வரைக்கும் ஒவ்வொரு உறுப்பா காப்பாத்தச் சொல்லிக் கேட்கிற பாட்டு அது. கை வர்ற இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "முருகா, ஒரு வழி காட்டு. யாரையாவது அனுப்பு"ன்னு கேட்டேன்.

அப்பத்தான் காலேஜ் ஹாஸ்டல்ல கூட இருந்த நண்பன் ஞாபகம் வந்தான். அவனோட பெரியப்பா சுகாதாரத் துறையில பெரிய பொறுப்புல இருக்கார். போன் பண்ணேன். வழக்கமா பத்து தடவை அடிச்சாலும் எடுக்காதவன், அன்னைக்கு முதல் ரிங்லயே எடுத்தான். "அஞ்சு நிமிஷம் குடு மச்சான்"ன்னான்.

அப்பா, "எனக்கு ஒன்னும் அவசரம் இல்லடா. ஊசி போட்டதுல வலி கொஞ்சம் பரவாயில்ல. விடு"ன்னார். நான் கேட்கல.

இனிமே சொல்றதுதான் முக்கியம்.

எங்களுக்கு எதிர் வரிசையில ஒரு பெரியவர். தலைசுத்தல்னு வந்திருந்தார், கூட அவர் மகள். சீட்டுல மஞ்சள் குறிச்சிருந்தாங்க. திடீர்னு அந்த அக்கா எழுந்து ஓடி, "சிஸ்டர், அப்பாவுக்குப் பேச்சு குழறுது"ன்னாங்க. சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டாங்க. அவர் வேகமா அந்தப் பெரியவரைப் பார்த்து வர ஆரம்பிச்சார். பாதி வழியில அவர் போன் அடிச்சது. "சரிங்க சார், இப்பவே பார்க்கிறேன் சார்"ன்னார். அந்த அக்காகிட்ட "ரெண்டு நிமிஷம்மா, வந்துடுறேன்"னு சொல்லிட்டு எங்க பக்கம் திரும்பினார்.

அப்பா கையைப் பார்த்தார், எக்ஸ்ரே எழுதினார், மாவுக்கட்டுக்குச் சொன்னார். மறுபடியும் போன் வந்துச்சு. "பார்த்துட்டேன் சார், கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க சார்." அதுக்கு அப்புறம்தான் அந்தப் பெரியவர்கிட்டப் போனார். போய்ப் பார்த்ததும் அவர் முகம் மாறிடுச்சு. உடனே ஸ்ட்ரெச்சர் வந்துச்சு, பெரியவரை ஸ்கேன் எடுக்கத் தள்ளிட்டு ஓடினாங்க. அந்த அக்கா செருப்பு ஒன்னு கழண்டு விழுந்ததுகூடத் தெரியாம பின்னாடியே ஓடினாங்க.

நாங்க மாவுக்கட்டுப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டோம்.

மறுநாள் காலையில குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல எழுதினேன். "கூட்டமான கூட்டம். முருகான்னு கூப்பிட்டேன், அடுத்த நிமிஷமே டாக்டர் தேடி வந்து பார்த்தார். எல்லாம் அவன் அருள்." சித்தி, அத்தை, மாமா எல்லாரும் வேல் படம் போட்டு அரோகரா சொன்னாங்க. அம்மாகிட்டயும் சந்தோஷமா நடந்ததை முழுசா சொன்னேன், அந்தப் பெரியவர் விஷயம் உள்பட. அம்மா மாசா மாசம் சஷ்டி விரதம் இருக்கிறவங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"அந்தப் பெரியவருக்கு யாருடா போன் பண்ணா?"

என்கிட்ட பதில் இல்ல. இன்னைக்கும் இல்ல.

முதல்ல என் பக்க நியாயத்தைச் சொல்லிடுறேன். அப்பா வலியில துடிக்கும்போது எந்தப் பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பான்? நீங்களும் போன் பண்ணியிருப்பீங்க. பெத்தவங்க மேல பாசம் வைக்கிறது தப்பே இல்ல. ஆனா பாசம் சரியா இருந்தாலே, பாசத்துல நாம செய்யிறதெல்லாம் சரியாயிடுமா?

நான் சாப்ட்வேர் கம்பெனியில சப்போர்ட் டீம்ல இருக்கேன். எங்க வேலையில வர்ற பிரச்சினைகளை வந்த வரிசையில பார்க்க மாட்டோம். சர்வர் படுத்துடுச்சுன்னா அதுதான் முதல். பட்டன் கலர் மாறியிருக்குன்னா அது அப்புறம். ஆனா சில நேரம் கஸ்டமர் கம்பெனியோட வைஸ் பிரசிடென்ட் ஒரு மெயில் தட்டுவார். அவ்வளவுதான், பட்டன் கலர் முதல் இடத்துக்கு வந்துடும். சர்வரைப் பார்த்துக்கிட்டு இருந்தவன் அதை விட்டுட்டு பட்டனுக்குக் கலர் அடிக்கணும். அந்த மாதிரி ஆளுங்களை நாங்க கேன்டீன்ல எவ்வளவு திட்டியிருக்கோம்! அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான்தான் அந்த வைஸ் பிரசிடென்ட்.

அவசர சிகிச்சையில சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிக்கிறதுக்கு டிரையாஜ்னு பேர். நெப்போலியன் படையில தலைமை மருத்துவரா இருந்த லாரே, காயம்பட்ட வீரர்களை அவங்க பதவியைப் பார்க்காம, யாருக்கு ஆபத்து அதிகமோ அவங்களுக்கு முதல் சிகிச்சைன்னு வகுத்தார். இந்த முறைக்கு வேர் அங்க இருந்து வருதுன்னு சொல்வாங்க. ராஜாக்களும் தளபதிகளும் இருந்த காலத்துலயே, காயத்துக்கு முன்னாடி பதவி செல்லாதுன்னு ஒருத்தர் முடிவெடுத்திருக்கார். இன்னைக்கு நம்ம ஊர் ஜி.எச். வாசல்ல இருக்கிற சிஸ்டரும் அதையேதான் செய்யறாங்க. அவங்க கையில இருக்கிற மூணு கலர்ல பணக்காரனுக்குன்னு ஒரு கலர் கிடையாது, தெரிஞ்சவங்களுக்குன்னு ஒரு கலர் கிடையாது. நாலாவதா ஒரு கலரை நான் போன்ல கொண்டு வந்தேன்.

கோயில்ல சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கினா, பொது வரிசையில நிக்கிறவருக்கு இன்னும் அரை மணி நேரம் கூடும். அது சரியா தப்பான்னு தனியா விவாதிக்கலாம். ஆனா அங்க தாமதமா போனாலும் முருகன் அதே முருகன்தான், தரிசனம் குறையாது. ஆஸ்பத்திரியில அப்படி இல்ல. பக்கவாதத்துல மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருந்தா, கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்து உள்ள ரத்தக்கசிவு இல்லேன்னு உறுதி பண்ணணும். நாலரை மணி நேரம் இருக்கேன்னு மெதுவா போகவும் முடியாது. பெரிய குழாய் அடைச்சிருந்தா சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழியுதுன்னு டாக்டர்கள் கணக்குச் சொல்றாங்க.

என் போன்ல இருந்த கால் லாக், மெசேஜ் நேரம் எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தேன். டாக்டருக்கு போன் வந்ததுக்கும் அவர் அந்தப் பெரியவர்கிட்டப் போனதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 12 நிமிஷம். 12 தடவை 19 லட்சம், 2 கோடியே 28 லட்சம். அவருக்கு வந்தது அந்த வகை பக்கவாதம்தானான்னு எனக்குத் தெரியாது. வேற ஏதாவதா இருந்திருக்கலாம், இப்போ நல்லா நடமாடிக்கிட்டும் இருக்கலாம். அப்படித்தான் இருக்கணும்னு தினம் வேண்டிக்கிறேன். ஆனா எனக்குத் தெரியாதுங்கிறதால அந்த 12 நிமிஷம் இல்லாம போயிடாது.

இதை ஒரு நண்பர்கிட்ட சொன்னப்போ, "அதெல்லாம் அவரவர் விதிப்பா, நீ ஏன் மனசைப் போட்டுக் குழப்பிக்கிற"ன்னார். கேட்க ஆறுதலாத்தான் இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தப் பெரியவர் காத்திருந்தது அவர் விதின்னா, என் அப்பா காத்திருந்ததும் அவர் விதிதானே? அப்போ மட்டும் நான் ஏன் முருகனைக் கூப்பிட்டேன், நண்பனைக் கூப்பிட்டேன்? நமக்கு நல்லது நடந்தா அருள், அடுத்தவருக்குக் கெட்டது நடந்தா விதி. இப்படி ரெண்டு தராசு வச்சிருக்கிறது பக்தி இல்லீங்க, வசதி.

இந்தக் குழப்பத்துல இருந்தப்போதான் நக்கீரர் கதை ஞாபகம் வந்துச்சு. உங்கள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். திருப்பரங்குன்றத்துல ஒரு பூதம், சிவபூஜையில தவறினவங்களா பார்த்துப் பிடிச்சு குகையில அடைச்சு வச்சிருந்தது. ஆயிரம் பேர் சேர்ந்ததும் மொத்தமா சாப்பிடலாம்னு திட்டம். 999 பேர் சேர்ந்தாச்சு. ஆயிரமாவது ஆளா நக்கீரர் மாட்டினார். உள்ள இருந்தவங்க எல்லாம், நீ வந்ததால கணக்கு நிறைஞ்சு போச்சே, இனி நாங்களும் சாகணுமேன்னு அழுதாங்க. நக்கீரர் முருகனை நினைச்சு திருமுருகாற்றுப்படை பாடினார். வேல் வந்து குகையைப் பிளந்துச்சு.

இதுல நான் இத்தனை நாள் கவனிக்காத விஷயம் ஒன்னு இருக்கு. பாடினது நக்கீரர் ஒருத்தர்தான். ஆனா வெளிய வந்தது ஆயிரம் பேரும். நக்கீரரை மட்டும் தூக்கி வெளிய விட்டுட்டு, மிச்சப் பேரை பூதத்துக்கு விட்டுட்டுப் போகல முருகன். கதவையே உடைச்சான்.

அருளுக்கும் சிபாரிசுக்கும் வித்தியாசம் எனக்கு அங்கதான் புரிஞ்சது. சிபாரிசுல ஒருத்தர் முன்னாடி போகணும்னா இன்னொருத்தர் பின்னாடி போயே ஆகணும். இருக்கிறது ஒரு டாக்டர், என் போன் ரெண்டாவது டாக்டரைக் கொண்டு வரல. இருந்த ஒருத்தரை வேற ஒருத்தர்கிட்ட இருந்து எடுத்து எனக்குக் கொடுத்துச்சு, அவ்வளவுதான். முருகன் கொடுக்கிறது அப்படி இருக்காதுன்னு நான் நம்புறேன். அந்தப் பெரியவரும் அவன் பிள்ளைதானே? ஒரு பிள்ளைகிட்ட இருந்து பிடுங்கி இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துட்டு, இது என் அருள்னு எந்த அப்பன் சொல்வான்?

அப்போ அன்னைக்கு முருகன் எங்கயுமே இல்லையா? இருந்தான், நான் பார்க்கலேன்னு இப்போ தோணுது. அப்பா தலையில அடி படாம விழுந்ததுல இருந்தான். வந்ததுமே விரல் நுனியை அழுத்திப் பார்த்து, கட்டுப் போட்டு, வலிக்கு ஊசி போட்ட சிஸ்டர்கிட்ட இருந்தான். பச்சைன்னு எழுதினதே பெரிய நல்ல செய்தி. உன் அப்பா உயிருக்கு ஆபத்து இல்லேன்னு அர்த்தம். அதைப் படிக்காம, எங்களைக் கவனிக்கலேன்னு படிச்சேன். "எனக்கு அவசரம் இல்லடா"ன்னு அப்பா வாயாலயே சொன்னான். அதையும் கேட்கல. நான் கேட்ட மாதிரி வந்த பதிலை மட்டும் அருள்னு எடுத்துக்கிட்டேன்.

சில பேர் கேட்பீங்க. சிஸ்டர் தப்பா பச்சைன்னு போட்டுட்டா? உட்கார்ந்திருக்கும்போதே நிலைமை மோசமானா? அப்பவும் வாய மூடிக்கிட்டு இருக்கணுமான்னு. நியாயமான கேள்வி. இருக்கவே கூடாது. அந்த அக்கா என்ன பண்ணாங்கன்னு பாருங்க. அப்பாவுக்குப் பேச்சு குழறுதுன்னு ஓடிப் போய்ச் சொன்னாங்க. அது சிபாரிசு இல்ல. அது டாக்டருக்குத் தேவையான தகவல். மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, கை மரத்துப் போச்சு, ஆள் மயங்குறார்னா கத்தியாவது சொல்லணும். நான் பண்ணது வேற. நான் சொன்னது அப்பாவோட நிலைமையை இல்ல, எனக்கு யாரைத் தெரியுங்கிறதை.

அதனால எனக்கு நானே ஒரு விதி வச்சிக்கிட்டேன்: நிலைமையைச் சொல்லு, ஆளைச் சொல்லாதே.

அந்த டாக்டரையோ ஆஸ்பத்திரியையோ நான் குறை சொல்ல வரல. மேல இருந்து போன் வந்தா ஒரு இளம் டாக்டர் என்ன பண்ணுவார்? அந்தப் பாரத்தை அவர் தலையில ஏத்தினது நான்தான். இன்னும் ரெண்டு டாக்டர் இருந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காதுன்னும் தெரியும். அதைக் கேட்க வேண்டிய இடத்துல நாம எல்லாரும் சேர்ந்து கேட்கணும். ஆனா ஆளுக்கு ஒரு போன் நம்பர் வச்சிருக்கிற வரைக்கும் நாம அதைக் கேட்கவே மாட்டோம். நமக்குத்தான் தனி வழி இருக்கே.

ஆறு வாரம் கழிச்சு மாவுக்கட்டுப் பிரிக்கப் போனப்போ, அதே சிஸ்டரைப் பார்த்தேன். அன்னைக்கு ராத்திரி வந்த அந்தப் பெரியவர் என்ன ஆனார்னு தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க தம்பி, எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"னாங்க. என் முகத்தைப் பார்த்துட்டு, "சொந்தக்காரரா?"ன்னு கேட்டாங்க. இல்லேன்னு சொன்னேன். வெளிய வந்து ஆட்டோவுல உட்கார்ந்ததுக்கு அப்புறம்தான், அந்த இடத்துல "ஆமா"ன்னு சொல்லியிருக்கலாமோன்னு தோணுச்சு.

பழனிக்குப் போனா, இடும்பனைக் கும்பிட்டுட்டுத்தான் மேல ஏறுவோம். முருகன்கிட்ட வரம் கேட்கிற நேரம் வந்தப்போ, தன்னை மாதிரி காவடி சுமந்து வர்றவங்களுக்கு அருள் பண்ணணும்னு கேட்டவர் அவர். தனக்கு வாசல் காவலும், பின்னாடி வர்றவங்களுக்கு அருளும். அன்னைக்கு வாசல் மேஜையில உட்கார்ந்திருந்த சிஸ்டரை நினைச்சா, இப்போ எனக்கு இடும்பன் ஞாபகம்தான் வருது. அவங்களைத் தாண்டிக் குதிச்சுதான் நான் உள்ள போனேன்.

குடும்ப குரூப்ல நான் போட்ட பழைய மெசேஜ் அப்படியேதான் இருக்கு. அதை அழிக்கல. அதுக்குக் கீழயே, "அன்னைக்கு டாக்டர் வந்தது என் போனால. அதனால இன்னொருத்தர் காத்திருந்தார். அவருக்காக எல்லாரும் வேண்டிக்கங்க"ன்னு எழுதினேன். ரொம்ப நேரம் யாரும் பதில் போடல. அப்புறம் அப்பா மட்டும் ஒரு வேல் படம் போட்டார். இடது கையால டைப் பண்ணப் பழகிட்டார்.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்களும் என்னைக்காவது அந்த நாற்காலியில உட்காருவீங்க. ஒரு பக்கம் முகம் கோணினா, ஒரு கை தூக்க முடியலேன்னா, பேச்சு குழறினா, வீட்ல வச்சுப் பார்க்காம 108ஐக் கூப்பிடுங்க. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு டாக்டர்கிட்ட சரியா சொல்லுங்க, அந்த நேரத்தை வச்சுத்தான் ஊசியே முடிவாகும். பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க, அசைக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. பச்சைன்னு எழுதினா, நன்றி முருகான்னு சொல்லிட்டு உட்காருங்க.

கவசம் சொல்லுங்க, உங்க வீட்டு ஆளுக்காக நல்லா உருகிச் சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் கண்ணைத் திறந்து எதிர் வரிசையில யார் இருக்காங்கன்னு ஒரு தடவை பாருங்க. பேர் தெரிய வேண்டாம். அவங்களையும் சேர்த்து ஒரு தடவை சொல்லுங்க.

வேலும் மயிலும் துணை.